இருக்கக் கூடாத கோடு

அந்தக் கோடு அங்கே இருக்கவே கூடாது. ஆனால் கறுகறுவென்று இருந்தது.

ஆராய்ச்சிக்காரி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஹெப்பரான் சல்பேட் என்ற சர்க்கரைச் சங்கிலியை உடம்பில் கோத்துத் தரும் நொதி ஒன்று உண்டு. அது குறைந்தால் எலும்பில் முண்டு முண்டாகக் கட்டி கிளம்பும். அவள் அண்ணனுக்குச் சிறுவயது முதலே அந்த வியாதி. நொதியைத் தேடிப் பிடித்துக் கறுப்புக் கோடாகக் காட்டிக்கொடுக்கும் ஆன்டிபாடி ஒன்றை நம்பி நான்கு வருஷம் உழைத்திருந்தாள். தன் மருந்தைச் சேர்த்தால் கோடு தடிக்கிறது, ஆகவே நொதி கூடுகிறது என்று ஓர் ஆய்வுப் பத்திரிகைக்குக் கட்டுரையும் அனுப்பியாகிவிட்டது. பரிசீலித்தவர் ஒரே ஒரு சோதனை கேட்டார்: அந்த நொதியே இல்லாத செல்களிலும் பார்த்துச் சொல்லுங்கள்.

மூன்று தடவை பார்த்தாள். மூன்று தடவையும் கோடு விழுந்தது. ஆன்டிபாடி இத்தனை நாளும் வேறு எதையோ பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"குழாய் எதுவும் மாறிப்போச்சா?" என்றார் பேராசிரியர்.

"இல்ல சார். நானே பாத்துப் பாத்து ஊத்தினேன்."

"அப்ப நாலு வருஷமும்... கட்டுரைய திருப்பி வாங்கிடும்மா."

கட்டுரை போனால் போகட்டும். முழங்காலருகே நரம்பை அழுத்தும் கட்டியை எடுக்க டாக்டர் தேதி கொடுத்தபோது, 'கொஞ்சம் பொறு, மருந்து வந்துடும்' என்று அண்ணனைத் தடுத்தவள் அவள்தான். மாடிப்படியில் உட்கார்ந்து போன் போட்டாள்.

"என்ன விஞ்ஞானி, மருந்து ரெடியா?"

"மருந்தே இல்லண்ணா. நான் பாத்ததெல்லாம் தப்பு. உடனே ஆபரேஷன் பண்ணிக்கோ."

"கால் கட்டைவிரல் மரத்துப்போய் ரெண்டு மாசமாச்சு. நீ சங்கடப்படுவேன்னு சொல்லல."

அவள் உடைந்துபோனாள். "திட்டுண்ணா. வாய்க்கு வந்தபடி திட்டு."

"திட்டினா விரல் சரியாயிடுமா? டாக்டருக்கு போன் போடு." குரல் தணிந்தது. "நீயும் கூட வா. எனக்கு பயமா இருக்கு."

அடுத்த வாரம் கட்டியை எடுத்தார்கள். அறுவை அறைக்கு வெளியே உட்கார்ந்து அவள் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினாள். கட்டுரையைத் திருப்பிக் கேட்டதோடு, இந்த ஆன்டிபாடியை யாரும் நம்ப வேண்டாம் என்று மூன்று சோதனைகளின் படங்களையும் சேர்த்து அனுப்பினாள்.

அண்ணனுக்கு நடை திரும்பியது. விரலில் உணர்ச்சி மட்டும் வரவே இல்லை. அதைப் பற்றி அவன் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசித் தொலைத்திருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.