இறக்கையில் காய்ந்த கட்டில் விரிப்பு

எதிர் வீட்டுக்காரர் மாடிக்கு மேல் மாடி எழுப்பியதில் மெக்கானிக்கின் வீட்டுக்கு வெயில் வருவது நின்றுபோயிற்று. ஆகவே, துவைத்துப் பிழிந்த வெள்ளைக் கட்டில் விரிப்பை ஒரு பையில் போட்டு அவர் கையில் திணித்தாள் மனைவி.

"நீங்க வேலை பாக்குற இடம் வெட்டவெளிதானே? காயப்போட்டு எடுத்துட்டு வாங்க. ஞாயித்துக்கிழமை எங்கண்ணன் வர்றார். தான் வாங்கிக் குடுத்த விரிப்பு எங்கேன்னுதான் முதல்ல கேப்பார்."

அண்ணன் சாதாரண ஆள் இல்லை. கொடுத்த பொருளை நேரில் வந்து நலம் விசாரிப்பவர். அவர் கொடுத்த சுவர்க்கடிகாரம் கூடத்திலிருந்து சமையலறைக்கு மாறியதற்கே ஒரு வருஷம் பேசாமல் இருந்தார். அந்த வருஷம் முழுக்க மனைவியும் மெக்கானிக்கிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மெக்கானிக்குக்கு விமானப்படைத் தளத்தில் வேலை. அணுகுண்டு சுமக்கும் விமானம் ஒன்று அவர் பொறுப்பு. ஏவுகணை குழிக்குள் ஒளிந்திருக்கும். நீர்மூழ்கி கடலுக்குள் ஒளிந்திருக்கும். ஒளியாமல் நிற்பதுதான் இந்த விமானத்தின் வேலை. எதிர்நாட்டின் செயற்கைக்கோள் தலைக்கு மேல் போகும்போதெல்லாம் இதைப் பார்க்க வேண்டும். இந்த நாட்டைத் தொட்டால் இது கிளம்பி வரும் என்று எதிரி பயப்பட வேண்டும். பயந்தால் போதும், கிளம்பவே வேண்டாம்.

கிளம்பாத விமானத்தின் இறக்கை அகலமாக, சுத்தமாக, தோசைக்கல் சூட்டில் கிடந்தது. மெக்கானிக் விரிப்பை அதன்மேல் பரப்பி, மூலைக்கொரு மணல்மூட்டை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். ஓரம் ஈரமாக இருந்ததால் மறுநாளும் போட்டார்.

அன்று தளபதியே மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"தொடாதய்யா அதை! எதிரி மிரண்டு போயிருக்கான். இறக்கையில வெள்ளையா என்னமோ புதுசா வந்திருக்குன்னு எல்லையில இருந்து படையைப் பின்னால இழுத்துட்டான். என்ன கருவி அது?"

"சார், அது வந்து..."

"சொல்லாதே! மேலிடத்து ரகசியமா இருந்தா எனக்குத் தெரியவே வேண்டாம். அது அங்கயே இருக்கட்டும்."

மெக்கானிக் வெறுங்கையோடு வீடு திரும்பினார்.

"காஞ்சுதா?"

"இன்னும் ஈரம்."

"இந்த வெயில்லயா?"

"துணி கொஞ்சம் கெட்டி."

"எங்கண்ணன் வாங்குன துணியில குத்தம் கண்டுபிடிக்கிறீங்களா?"

அதற்கப்புறம் வாரம் முழுக்க இதே பேச்சு. சனிக்கிழமை காலை, பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவப்பட்டன. மெக்கானிக் நேரே தளபதியின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

"சார், அது என் பொண்டாட்டியோட கட்டில் விரிப்பு."

தளபதி எழுந்து போய்ச் சாத்திய கதவுக்குத் தாழ்ப்பாளும் போட்டார்.

"அடப்பாவி, மேலிடத்துல இருந்து பாராட்டே வந்திருச்சேய்யா! வெள்ளைக்கொடின்னு எவனாவது நினைச்சிருந்தா? சண்டைக்கு முன்னாடியே சரணடைஞ்ச படைன்னு பேர் வாங்கியிருப்போம்."

"நாளைக்கு மச்சான் வர்றார் சார். எடுத்துக்கிட்டுப் போகலைன்னா என் குடும்பமே சரணடைய வேண்டியதுதான்."

"இறக்கையை வெறுமனே விட்டா அவனுக்குத் தைரியம் வந்துடுமே?"

"உங்க வீட்டுல வெள்ளை விரிப்பு இருக்குமே சார்?"

அணுகுண்டின் பக்கத்திலேயே காலம் தள்ளிய மனிதர் முகம் வெளுத்தார். "அவகிட்ட என்னன்னு சொல்றது?"

"ஈரம்னு சொல்லுங்க சார். நான் ஒரு வாரம் ஓட்டினேன்."

ஞாயிற்றுக்கிழமை மச்சான் செருப்பைக் கழற்றியதும் நேரே கட்டிலில் போய் உட்கார்ந்தார். விரிப்பைத் தடவினார். குனிந்து மோந்தார்.

"என்ன மாப்ளே, பெட்ரோல் பங்க் வாசம் அடிக்குது?"

மனைவி மெக்கானிக்கைப் பார்த்தாள். மெக்கானிக் ஜன்னலைப் பார்த்தார்.

"நல்லா காஞ்ச வாசம், மச்சான்."

மச்சான் இன்னொரு முறை மோந்துவிட்டு, "ஆனா வெள்ளை குறையலை" என்று திருப்தியோடு சாய்ந்தார். அன்று மெக்கானிக்குக்கு இரண்டாவது தடவையும் காபி கிடைத்தது.

திங்கட்கிழமை இறக்கையின்மேல் ரோஜாப்பூப் போட்ட விரிப்பு கிடந்தது. பக்கத்தில் தளபதி, சவரம் செய்யாத முகத்தோடு, கசங்கிய சீருடையில் நின்றார்.

"வெள்ளை கிடைக்கலையா சார்?"

"அலமாரி சாவி அவகிட்ட. கொடியில கிடந்ததை உருவிட்டு வந்துட்டேன்."

"எதிரி என்ன சொல்றான்?"

"பூவைப் பார்த்துட்டு இன்னும் கொஞ்சம் பின்வாங்கிட்டான்யா," என்றார் தளபதி. "வீட்டுலதான் முன்னேறி வர்றாங்க."