ஏழாவது பெயர்

…'ஆம்' என்று எழுதினால்தானே அடுத்த கேள்வி வரும், யாருக்கு, எப்படி, எத்தனை பேருக்கு என்று, 'இல்லை' என்று எழுதிவிட்டால் அந்தக் கட்டத்தோடு முடிந்தது, ஸ்ரீலேகா மடியிலிருந்த படிவத்தை மறுபடி பார்த்தாள், பங்கேற்ற எவருக்கேனும் இந்த ஆய்வினால் பாதிப்பு நேர்ந்ததா… பஸ் சயன் நெரிசலில் நின்றுகொண்டேயிருந்தது, பதினொரு மணிக்குத் தேவ்நாரில் நிதி தரும் அறக்கட்டளையின் கமிட்டி, இப்போதே பத்து இருபது. சூதாட்ட ஆப்புகளில் சிக்கியவர்கள் எப்படி வெளியே வருகிறார்கள், எது அவர்களை மறுபடி உள்ளே இழுக்கிறது, இதைத்தான் அவள் தாராவியில் ஒரு வருடமாக நூற்று இருபது பேரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டாம் வருடத்துக்கு நிதி உண்டா என்று அந்தக் கமிட்டி இன்று முடிவு செய்கிறது, இல்லையென்றால் வீடுவீடாகப் போய்ப் பேட்டியெடுக்கும் பேச்சிராஜாவுக்கு இந்த மாதத்தோடு வேலை போயிற்று, இரண்டு பிள்ளைகள், ஆண்டாப் ஹில்லில் வாடகை வீடு… இழுப்பது எது என்று கேட்கப் போய் நானே இழுத்துவிட்டேனா?

தங்கசாமி நேற்று குறையாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. பை தைக்கும் பட்டறையில் மெஷினை நிறுத்தாமலே சொன்னார், "போன தடவ ஒரு லிஸ்ட் வாசிச்சீங்கள்லா மேடம், இதுல எதெல்லாம் ஆடியிருக்கீங்கன்னு? ஏழாவதா ஒரு பேரு வந்துச்சு, அது எனக்குத் தெரியாது. என்னதான் இருக்குன்னு பாப்பமேன்னு தேடுனேன்." நாலு மாதமாக விட்டிருந்தவர், இப்போது மூன்று வாரமாக ஆடுகிறார், வீட்டுக்குத் தெரியாமல், பட்டறை போனில். கவுன்சலரின் எண்ணை எழுதிக் கொடுத்தாள், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், போவாரா? அந்தப் பட்டியலைப் போட்டது அவள்தான், ஆப்புகளுக்கு அரசுத் தடை வந்த பிறகு புதிதாக முளைத்தவற்றையும் தேடித் தேடிச் சேர்த்தாள், எதுவும் விட்டுப்போகவில்லை என்று கமிட்டியே பாராட்டியது, மாட்டுங்காவுக்குப் போய் அம்மாவிடம்கூடப் பெருமையாகச் சொன்னாள்… காலையில் கேஷவ் சார், அவளுடைய துறைத்தலைவர், போனில் சொன்னார், "ஒருத்தர்தானேம்மா, இன்னிக்குப் போய் இதைக் கிளறணுமா? ரிப்போர்ட் எழுதறச்சே ஒரு வரி சேர்த்துண்டாப் போறது." ஒருத்தர்தானா? மற்ற நூற்றுப் பத்தொன்பது பேருக்கும் அதே பட்டியலைத்தானே வாசித்தோம், அவர்கள் சொல்லவில்லை, அவ்வளவுதானே…

செம்பூர் தாண்டும்போது பொறுக்காமல் தங்கசாமியின் எண்ணுக்கு அடித்தாள். எடுத்தது அவர் மனைவி ஜான்சி. "அவுக பட்டறைக்குப் போயாச்சு மேடம், போன இப்ப என்கிட்டயே குடுத்துட்டுத்தான் போறாக. எல்லாம் நீங்க பாத்த வைத்தியந்தான். ஒங்ககிட்ட பேச ஆரம்பிச்சதுலருந்து ஆளே மாறிட்டாக." வைத்தியமா? நான் எங்கே வைத்தியம் பார்த்தேன், கேள்விதானே கேட்டேன், பதிலை எழுதிக்கொண்டு வந்தேன்… சொல்லிவிடலாமா? முடியாது, நீங்கள் சொல்வது ஒருவரிடமும் போகாது என்று தங்கசாமியிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். "நல்லதும்மா" என்று சொல்லி போனை வைத்தாள். நல்லது என்றா சொன்னேன்? முன்னால் நகரச் சொல்லிக் கண்டக்டர் கத்தினார், அவள் தன்னைத்தான் திட்டுகிறார் என்று நினைத்துத் திடுக்கிட்டாள்.

கமிட்டியில் ஐந்து பேர். தலைவி படிவத்தைப் புரட்டி, இந்தக் கட்டம் காலியாக இருக்கிறதே என்றார். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கேஷவ் சார் தொண்டையைச் செருமினார். மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம், அத்தனை எளிது… "பாதிப்பு உண்டு" என்றாள், குரல் யாருடையதோ போல இருந்தது, பிறகு நிறுத்த முடியவில்லை, தங்கசாமியின் பெயரை மட்டும் விட்டுவிட்டு, பட்டியல், ஏழாவது பெயர், மூன்று வாரம் எல்லாவற்றையும் சொன்னாள். "அந்தப் பட்டியலை இன்றே நிறுத்துங்கள்" என்றார் தலைவி, "நூற்று இருபது பேரையும் மறுபடி போய்ப் பாருங்கள், நிதியைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்." கொடுக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. கேஷவ் சார் அவளைப் பார்க்காமலே எழுந்து போனார்.

வெளியே வந்து பேச்சிராஜாவுக்குப் போன் செய்தாள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "அப்ப எனக்கு வேல உண்டா இல்லியா மேடம்?" என்றார், தெரியவில்லை என்றாள். தெரியவில்லைதான், இருந்தும் நெஞ்சு லேசாக இருந்தது, நேற்றிலிருந்து முதல்முறையாகப் பசித்தது. கேன்டீனில் சாம்பார் சாதம் வாங்கி வேகவேகமாகச் சாப்பிட்டாள்… இந்நேரம் பட்டறையில் அவர் மெஷினை நிறுத்தியிருப்பார், அந்தப் போனைக் கையில் எடுத்திருப்பார், வீட்டில் ஜான்சி யாரிடமாவது இந்த மேடத்தைப் பற்றி நன்றியோடு சொல்லிக்கொண்டிருப்பாள், அவர்கள் இருவருக்கும் காலையிலிருந்து ஒன்றுமே மாறவில்லை, பின் எனக்கு மட்டும் எது இறங்கியது, என்று அவளுக்குத் தோன்றியபோது தட்டு பாதிக்கு மேல் காலியாகியிருந்தது.