சாப்பாட்டுக்குப் போட்ட டிக்

ஜீப்பை விட்டு இறங்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைக்காது என்று. சமுதாயக் கூடத்தின் வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே நூறு பேருக்கு மேல் இருந்தும் பேச்சுச் சத்தமே இல்லை. யாரும் நகர்ந்து இடம் விடவில்லை.

அந்த ஏரி இரண்டு நாடுகளுக்குப் பொது. அதைப் பாதுகாக்க இரண்டு அரசுகளும் சேர்ந்து ஓர் ஆணையம் வைத்திருந்தன. அதில் அவள் பழங்குடித் தொடர்பு அலுவலர். இந்தக் கரையில் பிறந்தவள், இந்த மக்களின் மொழி தெரிந்தவள் என்றுதான் அவளை வேலைக்கு எடுத்தார்கள். அந்த ஊர்ச் சபையின் செயலாளர் அவளுடைய சொந்த அக்கா.

"உக்காராத," என்றாள் அக்கா. "நின்னுக்கிட்டே பதில் சொல்லு. இது என்ன?"

ஒரு ஜெராக்ஸ் கட்டு அவள் கைக்கு வந்தது. ஆணையத்தின் அறிக்கை, நான்காம் பின்னிணைப்பு. 'வடகரையை மீன்பிடித் தடைப் பகுதியாக அறிவிக்கக் கரைவாழ் மக்கள் அளித்த ஒப்புதல்' என்று மேலே அச்சிட்டிருந்தது. கீழே வரிசையாகப் பெயர், கையெழுத்து, அதற்குப் பக்கத்தில் ஒரு டிக்.

ஆறு மாதத்துக்கு முன் இதே கூடத்தில் அவள் சுற்றுக்கு விட்ட தாள்கள் அவை. அன்று வரைபடத்தை விரித்து விளக்கினாள். ஜனங்கள் கேள்வி கேட்டார்கள். "யோசிச்சுச் சொல்றோம்" என்று சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். வந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கியவர்களுக்கு நேரே அவளே டிக் போட்டாள்.

"அக்கா, இது வருகைப் பதிவு. அந்த டிக் சாப்பாட்டுக்குப் போட்டது."

"அது எங்களுக்குத் தெரியாதா? அன்னைக்கு நான் சாப்பிடல, எனக்கு டிக் இல்ல. என்னைச் சேத்து பதினோரு பேரு சாப்பிடாம போனோம். அடியில பாரு. நூத்தி நாப்பத்து மூணு பேர்ல பதினோரு பேரு எதிர்ப்பாம். பொட்டலம் வாங்கினவன் எல்லாம் ஏரியத் தூக்கிக் குடுத்துட்டானாம்."

பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். கூடச் சேர்ந்து யாரும் சிரிக்கவில்லை. அவர் இருமுவது போல அதை மாற்றிக்கொண்டார்.

"வருகைப் பதிவுன்னா அப்படின்னு தலைப்பு இருக்கணுமே. எங்க?"

"முதல் பக்கத்துல மட்டும்தான் இருந்துச்சு. அதைக் காணோம்."

"ஏன் முதல் பக்கத்துல மட்டும்?"

கூட்டத்துக்கு முந்தின நாள் ஆணையத்தின் இயக்குநர்தான் சொன்னார்: "எல்லாத் தாள்லயும் எதுக்கும்மா தலைப்பு? முதல் பக்கத்துல இருந்தா போதும்." அப்போதே அவளுக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. உறுத்தியதை அவள் விட்டுவிட்டாள்.

"இயக்குநர் சொன்னாரு."

"அவரு சொன்னாரா? நீ அவரு பெத்த பொண்ணா, இந்தக் கரை பெத்த பொண்ணா?"

கூடம் ஒரே இரைச்சலாகிவிட்டது. 'ரெஜிஸ்டர்' என்று யாரோ கத்தினார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரில் அவளுக்கு அதுதான் பெயர். வெளியே வந்தபோது ஜீப்பின் ஒரு டயரில் காற்று இல்லை. அக்காவின் கணவர், படகு ஓட்டுகிறவர், பம்பை எடுத்து வந்து காற்றடித்தார்.

"ரொம்ப நன்றி மாமா."

"உனக்காக அடிக்கல. உன் ஆபீஸ் வண்டி இங்க நிக்கக் கூடாதுன்னு அடிக்கிறேன்," என்றார் அவர், தலை நிமிராமல்.

மறுநாள் காலை அவள் நேராக இயக்குநர் அறைக்குப் போனாள். ஏ.சி.யின் இரைச்சலுக்கு அடியில் அவர் கோப்புகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாம்மா. எப்படி இருக்காங்க உங்க ஆளுங்க?"

எப்போதும் அவர் அப்படித்தான் கேட்பார். இத்தனை வருடமாக அவள் அதைக் கவனித்ததில்லை.

"சார், நான்காம் பின்னிணைப்பு பொய்."

பேனா நின்றது. "பொய்யா? நீ விளக்கினத உக்காந்து கேட்டாங்க. எந்திரிச்சுப் போகல. கையெழுத்துப் போட்டாங்க. அதுக்கு என்ன பேரு?"

"வருகை."

"நீ வருகைங்கிற. நான் பங்கேற்புன்னு எழுதினேன். மேல இருக்கிறவங்க அத ஒப்புதல்னு படிச்சாங்க. இதுல பொய் எங்க வந்துச்சு?"

"முதல் பக்கம் எங்க சார்?"

"ஸ்கேன் பண்றப்ப விட்டுப்போயிருக்கும்."

"கோப்புலயும் இல்ல. இப்பதான் பாத்துட்டு வரேன். பின்னைக் கழட்டித் திரும்பக் குத்தியிருக்கு."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். குரல் மாறிவிட்டது. "எல்லாத் தாள்லயும் அடியில யார் கையெழுத்து? உன்னோடது. அந்த டிக்கெல்லாம் யார் கை? உன் கை. இது வெடிச்சா முதல்ல சிதறப்போறது நீதான். ஏரி வத்திக்கிட்டே போகுது, மீன் குஞ்சு பொரிக்க இடமில்ல. நல்ல காரியத்துக்குத்தான் எல்லாம். அத ஞாபகம் வச்சுக்கோ."

அவர் சொன்னதில் பாதி உண்மை. ஏரி வற்றிக்கொண்டுதான் இருந்தது. அவளுக்கு அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"அடுத்த வாரம் ரெண்டு நாட்டுக் கூட்டம்," என்றார் அவர், அடுத்த கோப்பைத் திறந்தபடி. "உன் அக்கா பேச வர்றாங்களாம். அஞ்சு நிமிஷம் குடுத்திருக்கு. அந்த பாஷைக்கு உன்ன விட்டா ஆள் கிடையாது. சுருக்கமா, பதமாச் சொல்லு. காரம் வேணாம்."

கூட்ட அரங்கின் பின்சுவரில் கண்ணாடி போட்ட சிறு அறை இருந்தது, மொழிபெயர்ப்பாளருக்கு. ஒரு நாற்காலி, ஒரு மைக், காதில் ஹெட்போன். அன்று மதியம் அவள் அதற்குள் உட்கார்ந்திருந்தாள். அக்காவுக்கு அரசு மொழி நன்றாகவே தெரியும். ஆனாலும் எழுந்து நின்று சொந்த மொழியில் ஆரம்பித்தாள். வேண்டுமென்றேதான் செய்கிறாள் என்று இவளுக்குப் புரிந்தது.

பேசுகிறவர் 'நான்' என்றால் மொழிபெயர்ப்பவரும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். அது அந்த வேலையின் விதி.

"எங்க கிட்ட யாரும் சம்மதம் கேக்கல," என்றாள் அக்கா. இவள் அதை மைக்கில் சொன்னாள்.

"சாப்பாடு குடுத்துக் கையெழுத்து வாங்கினாங்க. வாங்கினது வேற யாரும் இல்ல, என் தங்கச்சி. அதோ அந்தக் கண்ணாடிக்குப் பின்னால இருக்கா. எங்க பாஷைய வச்சு எங்களையே வித்தவ."

அறுபது தலைகள் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தன. "என் தங்கச்சி," என்று அவள் மைக்கில் தொடங்கினாள். ஒரு சொல் விடாமல், ஒரு சொல்லையும் மழுக்காமல், தன்னைப் பற்றித் தானே சொல்லி முடித்தாள். கதவு லேசாகத் திறந்து ஒரு துண்டுச் சீட்டு உள்ளே வந்தது. இயக்குநரின் கையெழுத்து: 'போதும். சுருக்கு.' அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

அக்கா உட்கார்ந்ததும் மைக்கை அணைக்க வேண்டும். அவள் அணைக்கவில்லை.

"இனி நான் சொல்றது மொழிபெயர்ப்பு இல்ல," என்றாள். "அந்தத் தாள்களை நான்தான் சுற்றுக்கு விட்டேன். அது வருகைப் பதிவு. டிக் எல்லாம் சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு நான் போட்டது. தலைப்பை முதல் பக்கத்துல மட்டும் வைக்கச் சொன்னாங்க. தப்புன்னு பட்டுச்சு, இருந்தும் செஞ்சேன். அந்த முதல் பக்கம் இப்ப கோப்புல இல்ல."

"இது விதிமீறல்!" இயக்குநர் எழுந்து நின்று கத்தினார். "மைக்க ஆஃப் பண்ணுங்க!"

எதிர்க்கரை நாட்டுத் தூதுக்குழுவின் தலைவி மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பின்னிணைப்பைப் புரட்டினார். அவர் அவளிடம் ஒன்றுமே கேட்கவில்லை. இயக்குநரைத்தான் கேட்டார்.

"அந்த டிக் எதற்கு?"

"அது... சம்மதத்துக்கான குறி, மேடம்."

"அப்படியென்றால் முப்பத்தேழாவது வரியில் ஒரே ஆளுக்கு ஏன் இரண்டு டிக்?"

அந்த வரியில் இருந்தவர் அன்று வீட்டுக்கு இன்னொரு பொட்டலம் கேட்டு வாங்கிப் போயிருந்தார். அரங்கில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். மாலைக்குள் நான்காம் பின்னிணைப்பு திரும்பப் பெறப்பட்டது. வடகரை அறிவிப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. கலந்தாய்வை முதலிலிருந்து நடத்த வேண்டும் என்று முடிவானது.

வண்டிகள் நிற்கும் இடத்தில் அக்காவைப் பார்த்தாள். ஓடிப்போய் முன்னால் நின்றாள்.

"அக்கா."

"என்ன, கட்டிப்பிடிச்சு அழுவேன்னு பாத்தியா?" அக்கா கைப்பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள். "தப்புன்னு பட்டுச்சுன்னு அத்தனை பேருக்கு முன்னால சொன்ன. பட்ட அன்னைக்கு என்கிட்ட ஒரு போன் போட்டுச் சொல்றதுக்கு என்ன? ஆறு மாசம்டி. ஆறு மாசம் எங்க முகத்துல முழிச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்க."

வண்டிக் கதவு அறைந்து சாத்தப்பட்டது.

இயக்குநரை வேறு துறைக்கு மாற்றினார்கள். அவள் மொழிபெயர்ப்பு விதியை மீறியதாக நோட்டீஸ் வந்தது. வேலையை முடித்துக்கொள்ள இரண்டு வாரம் கொடுத்தார்கள். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அவள் வந்தால் டீ அறையில் கூட்டம் கலைந்தது.

கடைசி வாரம் ஊர்ச் சபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது, சொந்த மொழியில், அக்காவின் கையெழுத்தில். புதிய கலந்தாய்வுக்கு அவர்கள் வைத்த நிபந்தனைகள் ஏழு. படிக்கத் தெரிந்தவள் அலுவலகத்தில் அவள் ஒருத்திதான். முதல் நிபந்தனை: 'முன்பு இருந்த தொடர்பு அலுவலர் இதில் எந்த வகையிலும் கலந்துகொள்ளக் கூடாது. எங்கள் கரைக்கு வரவும் கூடாது.'

அவள் கம்ப்யூட்டரைத் திறந்து மொழிபெயர்க்க உட்கார்ந்தாள். 'எந்த வகையிலும்' என்பதற்கு அரசு மொழியில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று கொஞ்சம் மென்மையானது. அவள் மற்றதைப் போட்டாள். ஏழையும் முடித்து, ஒருமுறை சரிபார்த்து, அச்செடுத்துப் புதிய இயக்குநரின் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.