கொட்டகையிலிருந்து ஒரு ஞானப்பாட்டு

ஜெபதுரை மனைவியைப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தார். கேட்கிற காது ஜன்னல் பக்கம் வர வேண்டும். காசத்துக்கு ஊசி போட்டுப் போட்டு ஒரு காது அடைத்துப்போனதுதான் மிச்சம், நெஞ்சு தேறவில்லை. "வீட்டுக்குக் கூட்டிப்போய் நல்லபடியா வெச்சுக்குங்க" என்று பெங்களூர் ஆஸ்பத்திரியில் சொல்லி நான்கு நாளாகிறது. நல்லபடியா என்றால் என்ன என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"இந்தக் காதா, அந்தக் காதா?"

"இத்தனை வருசம் குடும்பம் நடத்துனீங்களே, அதுகூடத் தெரியாதா?" என்றாள் சாராள்.

"நான் சொன்னது ரெண்டுலயும் ஏறுனதில்ல. அதான் சந்தேகம்."

சிரிக்கப் பார்த்தாள். இருமல் முந்திக்கொண்டது.

மணி ஆறாகப்போகிறது. ஓசூரின் மார்கழிக் குளிர் ஓட்டுச் சந்து வழியாக இறங்கத் தொடங்கியிருந்தது. பாகலூர் ரோட்டில் திம்மராயன் போட்டிருந்த டூரிங் கொட்டகையில் ஜெபதுரைக்கு ரெக்கார்டு போடுகிற உத்தியோகம். ஆட்டத்துக்கு முன்னால் ஒலிபெருக்கியில் ஆறு பாட்டு. கடைசியில் பிள்ளையார் பாட்டு. அது கேட்டதும் ஜனங்கள் களியைப் பாதியில் விட்டு ஓடி வருவார்கள். ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் தினமும் பிள்ளையாரைக் கூப்பிட்டு ஊருக்கு நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். பாதிரியாருக்கு இது பொறுக்கவில்லை. கோயிலில் அப்பமும் ரசமும் தருகிற இராப்போஜனம் ஜெபதுரைக்கு நிறுத்தப்பட்டது. ரொட்டி மிச்சமாயிற்று என்று அவரும் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

பிள்ளையாருக்கு முந்தின பாட்டு சாராளுடையது.

அவள் சினிமா பார்த்ததே இல்லை. பாவம் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம், "எண்ணெய் தீருமுன்னே வந்திடுவாய் என் நாயகனே" என்று ஒரு பெண்குரல் காற்றில் வந்தது. சாராள் கரண்டியும் கையுமாக நின்றுவிட்டாள். வேதாகமத்தில் மணவாளனுக்காக விளக்கோடு காத்திருந்த பத்துக் கன்னிகைகளின் கதை அவளுக்கு ஓய்வுநாள் பள்ளியிலேயே மனப்பாடம்.

"ஏங்க, சினிமாவுலகூட நம்ம ஆண்டவரைப் பாடறாங்களா?"

அந்தப் படத்தை ஜெபதுரை இருபத்தொரு தடவை பார்த்திருந்தார். பாடுகிறவள் ஒரு நாட்டியக்காரி. வரவேண்டிய நாயகன் குடிகார ஜமீன்தார். கடைசிவரை அவன் வருவதில்லை. அவள் விஷம் குடிக்கிறாள்.

"ஆமா" என்றார். மனைவியிடம் சொன்ன பொய்களிலேயே சின்னது அதுதான். ஒரே சொல். அதை வைத்து அவள் மூன்று வருஷம் ஜெபம் செய்துவிட்டாள். நோவு வந்த பிறகு அந்தப் பாட்டைக் கேட்டால்தான் கஞ்சி இறங்கியது.

போன மாதம் அவருடைய கைதவறலாலேயே அந்த ரெக்கார்டில் கீறல் விழுந்தது. இரண்டாம் சரணத்தில், 'தீருமுன்னே' என்கிற இடத்தில் ஊசி மாட்டிக்கொள்ளும். பக்கத்தில் நின்று, ஊசி பொருத்தியிருக்கிற சவுண்டு பாக்ஸை ஆள்காட்டி விரலால் மெல்லத் தட்டினால் 'வந்திடுவாய்' வரும். அந்தத் தட்டு வேறு யாருக்கும் கைவரவில்லை. திம்மராயன் ஒருமுறை தட்டியதில் பாட்டே முடிந்துவிட்டது.

பக்கத்து வீட்டு நஞ்சம்மா சாராளின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். "அண்ணா, கால் சில்லுனு ஆயிடுச்சு. இன்னிக்குப் போகாதீங்க."

"போகல" என்று உட்கார்ந்தார்.

"போங்க" என்றாள் சாராள். "ஆண்டவரு வர்ற நேரத்துல பாட்டு இல்லாம இருக்கக் கூடாது."

"அவரு வர்றப்ப நான் பக்கத்துல இருந்தா ஆகாதா?"

"உங்களைத்தான் தினமும் பாக்கறனே."

எழுந்து போனார்.

முதல் நான்கு பாட்டுகளையும் ஒதுக்கிவிட்டு நேராக அதை எடுத்தார். டிக்கெட் பெட்டியிலிருந்து திம்மராயன் எட்டிப்பார்த்தான். "ஏமய்யா, பொழுதுகூட இறங்கல, அதுக்குள்ள அந்தப் பொம்பள பாட்டா?"

ஊசியை வைத்தார். விரலை நீட்டிக்கொண்டு நின்றார். கீறல் வர இரண்டு நிமிஷம். வீட்டுக்கு ஓடினாலும் இரண்டு நிமிஷம். இரண்டு இடத்திலும் எப்படி இருப்பது என்று அந்த விரலைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். அதற்குள் கால் ஓட ஆரம்பித்துவிட்டது.

அறுவடையான ராகிக் கொல்லையில் முக்கால் தூரம் வந்திருப்பார்.

தீருமுன்னே... தீருமுன்னே... தீருமுன்னே...

நின்றார். கொட்டகைப் பக்கம் சீட்டியடித்தார்கள். திரும்பிப் போய் ஒரு தட்டுத் தட்டினால் போதும். வீட்டுப் பக்கம் பார்த்தார். கூரைக்கு மேலே அடுப்புப் புகை இல்லை. மறுபடி ஓடினார், வீட்டை நோக்கி.

சாராள் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள்.

"கேக்குதா?" என்றார், மூச்சு வாங்க.

"ம். இன்னைக்கு விடாமக் கூப்பிடறா பாருங்க."

தீருமுன்னே... தீருமுன்னே...

"ஏங்க... அந்தப் படத்துல அவரு வந்துட்டாரு, இல்ல?"

ஜெபதுரை நஞ்சம்மாவைப் பார்த்தார். அந்தப் படத்தை இரண்டு தடவை பார்த்தவள் அவள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டாரு."

"எண்ணெய் இருந்துச்சா?"

"நெறைய."

கொட்டகையில் யாரோ வெடுக்கென்று ஊசியை எடுத்தார்கள். கொஞ்ச நேரம் ஊரே காதடைத்துப்போனதுபோல் இருந்தது. பிறகு பிள்ளையார் பாட்டு தொடங்கியது. தெருவில் ஆட்கள் ஓடினார்கள். ஒருத்தி தன் புருஷனை, "சீக்கிரம் வாய்யா, படம் போட்டுடுவான்" என்று அதட்டிக்கொண்டு போனாள்.

நஞ்சம்மா சாராளின் மூக்கருகில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "தேவரே" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டு முனகி, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

ஜெபதுரை கட்டிலோரம் உட்கார்ந்தார். சாராளின் மணிக்கட்டைத் திருப்பி, ஆள்காட்டி விரலை அதன்மேல் வைத்தார். மெல்ல, வேண்டிய அளவுக்கு மட்டும், ஒரு தட்டுத் தட்டினார்.

விரலை எடுக்காமல் காத்துக்கொண்டிருந்தார்.