முகாமுக்கு ஒரே தோட்டா

வெண்டல் புதுத் துப்பாக்கியை உறையிலிருந்து உருவிச் சமையலறை மேசைமேல் வைத்ததுமே டெல்மருக்கு எரிச்சல் தலைக்கேறியது. காபிக் கோப்பைகளையும் சாசேஜ் தட்டையும் ஒதுக்கிவிட்டு, பச்சைப் பிள்ளையைக் கிடத்துவதுபோல் கிடத்தினான் அவன். துப்பாக்கியின் அடிக்கட்டை மரமில்லை. சாம்பல் நிறத்தில் என்னவோ பிளாஸ்டிக். குழல் பென்சில் தடிமன்.

"தூக்கிப் பாருங்க மச்சான்," என்றான் வெண்டல்.

"எதை? நீ இன்னும் துப்பாக்கிய வெளிய எடுக்கலியே."

வெண்டல் சிரித்தான். டெல்மரின் செத்துப்போன மனைவிக்கு உடன்பிறந்த தம்பி அவன். கோடையில் அவனுக்கு இடுப்பெலும்பை மாற்றி இரும்பு வைத்திருந்தார்கள். இந்த வருஷம் மலைக்கு வேட்டையாட வரமுடியாது. வரமுடியாதவனுக்கு எதற்குப் புதுத் துப்பாக்கி என்று டெல்மருக்கு முதலிலேயே சந்தேகம். டாக்டரிடம் போய்விட்டு வரும் வழியில் துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்தால் இப்படித்தான் ஆகும். அந்தக் கடைக்காரனை டெல்மர் ஒருநாளும் நம்பியதில்லை. பல்லைக் காட்டிப் பேசுகிறவன் எதையோ தள்ளிவிடப் பார்க்கிறான் என்றே அர்த்தம்.

"ஆறரை," என்றான் வெண்டல். "ஆறரை மில்லிமீட்டர். குதிரை உதைக்கிற மாதிரி உதைக்காது. உங்க தோளுக்குத் தோதானது."

"என் தோளைப்பத்தி உனக்கு என்ன? ஆறரைய வச்சு எல்க் மானை அடிப்பியா? முயல் அடி. எலி அடி."

"அடிக்கிறாங்க மச்சான். ஊருல பாதிப்பேர் அடிக்கிறாங்க."

"ஊருல பாதிப்பேர் முட்டாளுங்க. உன்னையும் சேத்து."

விஷயம் ஆறரை, குதிரை அளவு இருக்கும் எல்க் மானைக் கொல்லுமா கொல்லாதா என்பதில் இல்லை. இவர்கள் வேட்டை முகாமுக்கு என்று ஒரு சட்டம் இருந்தது: முகாமுக்கு ஒரே தோட்டா. டெல்மர், வெண்டல், டெல்மரின் மகள், மூவர் துப்பாக்கிக்கும் ஒரே குழல் அளவு, முப்பது காலிபர், தேர்ட்டி-ஆட்-சிக்ஸ். யார் பையில் கை விட்டாலும் யார் துப்பாக்கிக்கும் சேரும். அந்தச் சட்டம் வந்ததற்கே காரணம் இந்த வெண்டல்தான். வாலிபத்தில் ஓடையைக் கடக்கும்போது தோட்டாப் பையைத் தண்ணீரோடு விட்டுவிட்டு, காயம்பட்ட எல்க் ஒன்று எதிரே நின்று தள்ளாட, வெறும் துப்பாக்கியோடு முழித்தான். டெல்மரின் துப்பாக்கி வேறு காலிபர். டெல்மர் மரங்களுக்குள் விழுந்தடித்து ஓடி வருவதற்குள் அந்த ஜீவன் பட்ட பாட்டை இருவரும் பார்த்தார்கள். அந்தக் குளிர்காலமே டெல்மர் தன்னுடையதை விற்றுவிட்டு, வெண்டலுடைய காலிபரில் வேறொன்று வாங்கினான். இப்போது அதே வெண்டல் ஆறரையைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறான்.

"சட்டம் போட்டது உன்னாலதாண்டா," என்றான் டெல்மர். "நீயே உடைக்கிறியா?"

"நான் வாங்கினது எனக்கில்ல மச்சான்."

அடுப்பருகே நின்றிருந்த டார்லா அப்போதுதான் திரும்பினாள். டெல்மரின் ஒரே மகள், வீடும் அவளுடையது. கவுண்டி அரசாங்கத்துக்குப் பனி வாரும் லாரி ஓட்டுகிறாள். அப்பனைப்போலவே அகலத் தோள், அப்பனைப்போலவே சிடுமூஞ்சி.

"நான்தான் மாமாகிட்ட சொன்னேன்," என்றாள். "அது உங்களுக்கு."

டெல்மர் மகளைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான். இரண்டு பேரும் கூடிப் பேசியிருக்கிறார்கள். தன் முதுகுக்குப் பின்னால், தன்னை வைத்து.

"எனக்கு எதுக்கு? என்கிட்ட ஒண்ணு இருக்கு. நீ பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்து அதைத் தூக்கிட்டு அந்த மலைய ஏறிட்டிருக்கேன்."

"யாரு? நீங்களா?"

"வேற யாரு?"

டார்லா கையிலிருந்த கரண்டியைத் தொட்டியில் போட்டாள். "போன வருஷம் ஓடையிலேர்ந்து கணவாய் வரைக்கும் அதைத் தூக்கினது யாரு? அதுக்கு முந்தின வருஷம் தூக்கினது யாரு? பாறைகிட்ட வந்ததும் 'கொஞ்சம் பிடி, பூட்ஸ் கயிறு கட்டணும்'னு நீட்டினீங்க. அப்புறம் வாங்கவே இல்ல. ரெண்டு வருஷமா ஒரு பூட்ஸ் கயிறக் கட்டிட்டிருக்கீங்க அப்பா."

வெண்டல் சாசேஜைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அவனுக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும். டெல்மருக்குக் காது நுனிவரை சுட்டது.

"இந்த வருஷம் என் முதுகுல என்னோடது மட்டும்தான்," என்றாள் டார்லா. "இலேசானதை எடுத்துட்டு வாங்க. இல்லைன்னா கீழ கூடாரத்துல இருந்து பீன்ஸ் வேகவைங்க. ரெண்டுல ஒண்ணு."

கூடாரத்தில் பீன்ஸ் வேகவைப்பது என்றால் என்னவென்று அந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முதல் வருஷம் பீன்ஸ். அடுத்த வருஷம் பனிக்குக் கால் வலிக்கிறது என்று வீடு. அதற்கடுத்த வருஷம் அவன் பங்கு இறைச்சியைத் தாளில் சுற்றி யாராவது வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். டெல்மர் இரண்டு பேருக்கு அப்படி வைத்துவிட்டு வந்திருக்கிறான்.

டெல்மர் தன் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் அங்கேயே கிடந்தான். கொட்டகையில் விறகு பிளந்தான், தோள் போதும் போதும் என்று கெஞ்சும்வரை. பிறகு ஃபோனை எடுத்தான்.

"அந்தப் பிளாஸ்டிக்க நான் தூக்கறேன்," என்றான். "ஆனா என்னோடது வீட்டுல தூங்கக் கூடாது. நீ உன்னோடத வச்சுட்டு என்னோடத எடுத்துட்டு வா. அது மலைக்கு வரணும்."

"சரி," என்றாள் டார்லா.

"வாங்கறேன்னு சொல்லல. ஒரு தடவ தூக்கறேன், அவ்வளவுதான். எல்க் ஆறரைய வாங்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே போகும். அதையும் பாரு."

"சரிப்பா."

இப்படி 'சரி சரி' என்றால் அவனுக்குப் பிடிக்காது. மறுத்துப் பேசினால் திட்டலாம்.

இலேசான துப்பாக்கிக்குத் தோதாக டார்லா இலேசான ஜாக்கெட் ஒன்றையும் வாங்கிவந்தாள். காற்று அடைத்த தலையணை மாதிரி இருந்தது. ஆறரைத் தோட்டாக்களை அதன் பைக்குள் போட்டு, முகாமில் அவன் கட்டில் தலைமாட்டில் தொங்கவிட்டாள். காலையில் கூடாரத் துணியில் உறைபனி படிந்திருந்தது. டார்லா வெளியே பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். இருட்டில் அவன் கை, எத்தனையோ வருஷமாகப் போகும் இடத்துக்கே போனது. தன் பழைய கம்பளிக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, பைகளைத் தட்டிப் பார்த்தான். தோட்டாக்கள் கிணுகிணுத்தன. கிளம்பினான்.

ஏறும்போது துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. இதுவும் முகாம் சட்டம். பாறையில் ஒருவன் வழுக்கினால் கீழே இன்னொருவன் இருப்பான். கணவாய்க்குப் போய்த்தான் நிரப்ப வேண்டும்.

ஓடையைத் தாண்டினான். பாறைகளுக்கு வந்தான். டார்லா பின்னால் நின்று காத்தாள், பூட்ஸ் கயிறு வருமோ என்று பார்ப்பவள்போல. அது அவனைச் சுரீரென்று குத்தியது. நிற்காமல் ஏறினான். ஏறிக்கொண்டே வெண்டலைத் திட்டினான், கடைக்காரனைத் திட்டினான், ஐந்து வருஷத்துக்கு ஒரு காலிபரைப் பெற்றுப்போடும் கம்பெனிகளைத் திட்டினான். தோளில் ஒன்றும் இல்லாததுபோல் இருந்தது. அடிக்கடி கையைப் பின்னால் விட்டு, விழுந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. திட்டி முடிப்பதற்குள் கணவாய் வந்துவிட்டது. டார்லா எங்கோ கீழே, மூச்சு இரைக்க வந்துகொண்டிருந்தாள். அவனுடைய பழைய துப்பாக்கியின் கனம் அவளை இழுத்துக்கொண்டிருந்தது.

அவள் வந்து சேர்ந்து, தலையை ஆட்டிவிட்டு, வழக்கப்படி கிழக்குச் சரிவில் இறங்கி உட்காரப் போனாள். டெல்மர் விழுந்துகிடந்த பைன் மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தான். வெளிச்சம் சாம்பலாகக் கசிந்தது. துப்பாக்கியின் போல்ட்டை இழுத்துத் திறந்தான். பைக்குள் கை விட்டு ஒரு தோட்டாவை எடுத்து அழுத்தினான். போகவில்லை. பனியில் விரல் மரத்திருக்கிறது என்று நினைத்தான். திருப்பி அழுத்தினான். ஒரு நகம் அகலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கையில் இருப்பது என்னவென்று பார்த்தான். தடித்த, நீண்ட, பழைய முப்பது. மறு பையிலும் முப்பது. உள் பையிலும் முப்பது. ஆறரை எல்லாம் கீழே, அந்தத் தலையணை ஜாக்கெட்டுக்குள், கட்டில் தலைமாட்டில்.

எதிரே ஆண் எல்க் ஒன்று, கொம்பன், வந்து நின்றது.

பெரியது. கழுத்து மயிர் ஈரமாக இருண்டு, கொம்பு இரண்டு பக்கமும் மரக்கிளைபோல் விரிந்து. கல்லெறியும் தூரம். காற்று அதன் பக்கத்திலிருந்து வந்தது. மூச்சுவிடும் ஆவிகூடத் தெரிந்தது. இவ்வளவு கிட்டத்தில் இவ்வளவு பெரியது நின்று அவன் பல வருஷமாகப் பார்த்ததில்லை. டெல்மர் மடியில் இருந்த சாம்பல் பிளாஸ்டிக்கைப் பார்த்தான். ஒரு குச்சி இருந்திருந்தாலும் எறிந்திருப்பான்.

ஆத்திரத்தில் அந்தத் தோட்டாவை இன்னொரு முறை திணித்தான். சேராது என்று தெரியும், இருந்தும் திணித்தான். இரும்பு கீச்சென்று உரசியது. கொம்பனின் காது திரும்பியது. அவசரப்படவில்லை அது. அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கிழக்குச் சரிவில் இறங்கிப்போனது.

கொஞ்சம் பொறுத்து ஒரே ஒரு வெடி. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். அவனுடைய துப்பாக்கி.

டெல்மர் இறங்கிப் போனபோது டார்லா கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். கொம்பன் புதருக்கடியில் சாய்ந்து கிடந்தது. நல்ல அடி. முன்னந்தோளுக்குப் பின்னால், நேராக.

"உங்க பக்கமிருந்துதான் வந்துச்சு," என்றாள். "ஏன் அடிக்கல?"

"தூரம். ஆறரைக்கு எட்டாது."

"அப்படியா." அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, கோட்டைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். வாய் ஓரம் துடித்தது.

"சிரிச்சேன்னா பாரு," என்றான் டெல்மர்.

"நான் எங்க சிரிச்சேன்."

"இதுக்குத்தான் சட்டம் போட்டது. ரெண்டு காலிபர் ஒரு முகாமுக்குள்ள வந்தா இதுதான் நடக்கும். அன்னிக்கு வெண்டல், இன்னிக்கு நான். அவன் வாங்காம இருந்தா, நீ கேக்காம இருந்தா, அந்தத் தலையணைய நீ வாங்காம இருந்தா, அது என் கொம்பன்."

"ஆமா," என்றாள் டார்லா. கத்தியைத் துடைத்தாள். "ஆனா மேல எனக்கு முன்னால போய்ச் சேந்தீங்க."

அதுதான் டெல்மரை இன்னும் கோபப்படுத்தியது. துப்பாக்கி உருப்படாதது என்று சொல்லலாம், ஆறரை எலிக்குத்தான் ஆகும் என்று சொல்லலாம், கடைக்காரன் திருடன் என்று சொல்லலாம். ஆனால் பாறையில் பூட்ஸ் கயிறு வரவில்லை. கால் அவனுடையதுதான், மூச்சும் அவனுடையதுதான். அது பொய்யில்லை.

குந்தி உட்கார்ந்து கொம்பனின் பின்னங்காலைப் பிடித்து விரித்துக் கொடுத்தான். அவள் கத்தியை இறக்கினாள். ஆவி எழும்பியது.

"வெண்டல்கிட்ட சொல்லிடு," என்றான் கடைசியில். "அந்தப் பிளாஸ்டிக் திரும்பி வராது. இடுப்பு சரியானா வேற வாங்கிக்கட்டும். ஆறரையிலேயே வாங்கட்டும்."

"சரி."

"நீயும் ஆறரைக்கு மாறு. முகாமுக்கு ஒரே தோட்டா."

"நான் மாறமாட்டேன்."

"ஏன்?"

டார்லா மரத்தில் சாய்த்துவைத்திருந்த பழைய துப்பாக்கியைத் தலையால் காட்டினாள். "ரெண்டு வருஷமா தூக்கறேன், இன்னிக்குத்தான் சுட்டேன். இதை இனிமே தரமாட்டேன். உதைச்சா உதைக்கட்டும்."

"அப்போ முகாமுக்குள்ள ரெண்டு தோட்டா."

"ஆமா."

"அடுத்த வருஷமும் இருட்டுல நான் தப்பான கோட்டைத்தான் எடுப்பேன்."

"எடுப்பீங்க."

டெல்மர் எழுந்தான். ரத்தக் கையோடேயே கோட்டைக் கழற்றினான். முழங்கை தேய்ந்த, காலர் நைந்த கம்பளிக் கோட்டு. பைகளில் முப்பது குலுங்கியது. அதைச் சுருட்டி மகளின் மார்பில் எறிந்தான்.

"போட்டுக்க. துப்பாக்கி உனக்குன்னா கோட்டும் உனக்குத்தான். அது ரெண்டும் இனிமே ஒரே முதுகுல இருக்கணும்."

"குளிருதுப்பா. கீழ போய்க் குடுங்க."

"போட்டுக்கன்னு சொன்னேன்."

அவள் போட்டுக்கொண்டாள். தோள் சரியாக இருந்தது. அவன் சட்டையோடு பனியில் மண்டியிட்டு, கொம்பனின் சூடான வயிற்றுக்குள் இரண்டு கையையும் முழங்கைவரை விட்டுக்கொண்டு, வெண்டலைப் பெயர் சொல்லித் திட்ட ஆரம்பித்தான். முதலில் அவனுடைய இரும்பு இடுப்பிலிருந்து.