கூடத்துக் கடல்

அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திய பதினோராம் நாள் கூடத்தின் நடுவில் கடல் வந்தது. முதலில் தரையில் ஒரு விரிசல், அதில் ஈரம். நக்கிப் பார்த்து உப்புத்தான் என்று உறுதி செய்தவள் இருவருக்கும் நடுவில் பிறந்தவள். அருங்காட்சியகத்தில் கல்லாகிப்போன சிப்பிகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதுகிறவள். சண்டை, அப்பா விட்டுப்போன மின்விசிறிக்காக. பெரியவன் மோட்டாரை எடுத்துக்கொண்டான், சின்னவன் மூன்று இறக்கைகளை எடுத்துக்கொண்டான், இருவரும் ஜெயித்த முகத்தோடு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் தலைமையாசிரியன், மற்றவன் பல் மருத்துவன். படிப்புக்கும் புத்திக்கும் என்ன சம்பந்தம்.

கண்டங்கள் நகம் வளரும் வேகத்தில் விலகுகின்றன என்று அவளுடைய அலுவலகச் சுவரில் எழுதியிருந்தது. இவர்களுடைய வெறுப்புக்கு அவ்வளவு பொறுமை இல்லை. வீடு வருஷத்துக்கு இரண்டு முழம் பிளந்தது. ஆழமில்லாத வெதுவெதுப்பான அந்தத் தண்ணீரில், அவள் கல்லில் மட்டுமே பார்த்திருந்த ஜீவன்கள் உயிரோடு வந்து சேர்ந்தன. மடிப்பு மடிப்பான முதுகோடு பூச்சிகள் ஊர்ந்தன, கடல் அல்லிகள் தண்டூன்றி நின்றன. ஒரே நத்தை பெரியவன் கரையில் கூர் ஓட்டோடும் சின்னவன் கரையில் தட்டை ஓட்டோடும் வளர்ந்து, மூன்றாம் வருஷம் ஒன்றை ஒன்று அடையாளம் தெரியாத இரண்டு வகையாகிவிட்டது. அண்ணன் தம்பிக்கு அந்த மூன்று வருஷம்கூடத் தேவைப்படவில்லை. மாடிப்படிக்குக் கீழே கட்டில் போட்டிருந்த அவள் தினமும் மாலையில் வகைகளை எண்ணினாள். அந்த வீட்டில் அவளுடையது என்று இருந்தது அந்தக் கடல் ஒன்றுதான்.

ஒரு கோடையில் சின்னவன் ஏசி வாங்கினான். குளிர்ச்சிக்காக அல்ல, அண்ணனிடம் இல்லை என்பதற்காக. பதினாறில் வைத்து அணைக்கவே இல்லை. அவன் அறைச் சுவரில் பனி கூரை வரை ஏறியது. கடல்நீரெல்லாம் அங்கே போய் உறைந்ததில் கூடத்தில் தண்ணீர் இரண்டு சாண் இறங்கி, படியோரத்து ஆழமற்ற பகுதி காய்ந்தது. ஒன்பது வகை செத்தது. அவள் ஃபியூஸைப் பிடுங்கினாள். பனி உருகித் தண்ணீர் ஏறியது, புதுசு புதுசாகச் சில வந்தன, ஆனால் அந்த ஒன்பதும் போனது போனதுதான்.

பிறகு பெரியவனுக்கு நெஞ்சுவலி வந்தது. சின்னவன் எட்டிப் பார்த்து, டாக்டர் என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை கேட்டான். மறுநாள் கரைகள் ஒரு சாண் நெருங்கியிருந்தன. நடுவில் நசுங்கி மூன்று வகை அழிந்தது. சொத்தைப் பல்லைப் பிடுங்கத் தெரியாதவனெல்லாம் நலம் விசாரிக்க வந்துவிட்டான் என்று பெரியவன் சிரித்ததாகச் சின்னவனிடம் போய்ச் சொன்னாள். அவன் அன்றே கதவைச் சாத்திக்கொண்டான். இப்படியே ஆறு வருஷம் இரு பக்கமும் கோள் சொல்லி, நாற்பத்தொரு வகைகளைக் காப்பாற்றினாள்.

கடைசியில் குட்டு உடைந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணனும் தம்பியும் ஒரே பக்கம் நின்றார்கள்.

“நம்மளப் பிரிச்சு வெச்சதே இவதான்டா” என்றான் பெரியவன்.

“ஃபேனைப் பிரிச்சது நானாண்ணே?” என்று கேட்டாள்.

இரண்டு பேரும் சேர்ந்து அவளை வீட்டை விட்டுப் போகச் சொன்னார்கள். நான்கே நாளில் வீட்டின் இரு பாதியும் மோதி, கூடத்துத் தரை மடிந்து இடுப்பளவு மலையாக எழும்பியது. உச்சியில் சிப்பிகள் காய்ந்து கிடந்தன. அவள் உட்கார்ந்து நாற்பத்தொரு சீட்டு எழுதி வைத்தாள், ஒவ்வொன்றுக்கும் அழுதாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டித் திரும்பினாள். இரண்டு பேரும் விசிறியை ஒன்று சேர்த்து மாட்டிக்கொண்டிருந்தார்கள். உப்புக் காற்றில் துருவேறிய மோட்டார் சுற்றவில்லை. சுற்றும் என்று இருவரும் அண்ணாந்து காத்திருந்தார்கள். ஒரு புழுவைப் பார்ப்பதுபோலக்கூட அவளால் அவர்களைப் பார்க்க முடியவில்லை, புழுக்களை அவளுக்குப் பிடிக்கும். காலடியில் வாசற்படி மயிரிழை அளவு விரிந்தது. குனிந்து விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள்.

எதிர்ச்சாரியில் ஒரு மாடி அறையில் குடியேறினாள். இப்போது அந்தத் தெருவைப் படகில்தான் கடக்க வேண்டும். தபால்காரர் தினமும் முணுமுணுத்துக்கொண்டே துடுப்புப் போடுகிறார். போன வாரம் பெரியவன், துணி காயப்போட்டிருந்த மலையைச் சுற்றிக்கொண்டு கரைக்கு வந்து கூப்பிட்டான்.

“நடந்தது நடந்துபோச்சு. ஒரு எட்டு வந்துட்டுப் போயேம்மா.”

“தண்ணி வத்திடும்ணே” என்று சொல்லி அவள் நோட்டை எடுத்தாள். அன்றைக்கு அறுபத்து மூன்று வகை இருந்தது.