மழை நாற்காலியைக் கேட்டவள்

‘மழை நாற்காலி’ என்ற ஜப்பானிய ராக் இசைக்குழு வாசிக்கத் தொடங்கினால் கேட்பவர்கள் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். அதனால்தான் என் கணவர் கதிரவேலுக்கு டிக்கெட் எடுத்தேன். வேலை போனதிலிருந்து அவர் சரியாகத் தூங்கவில்லை.

கனசாவா நகரத்தில், நிலவறையில் இருந்த ஒரு மதுக்கூடத்தில்தான் குழு தொடங்கியது. முதல் பாட்டிலேயே கூட்டம் சாய்ந்துவிட்டது. நாம்தான் சரியாக வாசிக்கவில்லை போலிருக்கிறது என்று நால்வரும் விடாமல் பயிற்சி செய்தார்கள். அடுத்த முறை கூட்டம் குறட்டையும் விட்டது. சத்தத்தைக் கூட்டினார்கள்; தூக்கம் ஆழமானது. புகழும் வளர்ந்தது. அரங்குகளில் நாற்காலிகளை எடுத்துவிட்டு மெத்தை போட்டார்கள். விமர்சகர்கள் விழித்தெழுந்த சுகத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். இசைத்தட்டுகள் லட்சக்கணக்கில் விற்றன. ஒரு பாட்டைக்கூட யாரும் முழுதாகக் கேட்டதில்லை. பாடகி சயூரியின் அம்மாவே மகள் பாடிக் கேட்டதில்லை.

கோவையில் நிகழ்ச்சி பிற்பகலில் நடந்தது. கிதார் ஒலித்ததுமே கதிரவேல் என் தோளில் சரிந்தார். அவரை மெல்லப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். எனக்குத் தூக்கம் வரவில்லை. கடைசிவரை கேட்டேன். முடிந்ததும் கை தட்டினேன்.

மேடையில் நால்வரும் அசையாமல் நின்றார்கள். டிரம்ஸ் வாசித்த தத்சுயா இறங்கி வந்தார். தமிழ்ப் படங்கள் பார்த்தே தமிழ் கற்றவர்.

“நீங்க தூங்கலைங்களா?”

“வரலைங்க.”

“எப்படி இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சு. ஆனா ரெண்டாவது பாட்டுல, நடுவுல நீங்க அவசரப்பட்டுட்டீங்க.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஓடிப்போய் மற்றவர்களிடம் சொன்னார். கிதார்க்காரர் இதைத்தான் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். மூவரும் சந்தோஷமாகச் சண்டை போட்டார்கள். சயூரி மட்டும் என் எதிரே வந்து உட்கார்ந்து ஏதோ கேட்டார். தத்சுயா சண்டையை விட்டுவிட்டு வந்து மொழிபெயர்த்தார்.

“இன்னியோட குழுவைக் கலைச்சிடலாம்னு இருந்தோம். கடைசிப் பாட்டு அவங்க எழுதினது. அது எப்படின்னு கேக்கறாங்க.”

“அதைக் கேட்டப்ப அழுகை வந்துச்சு. ஏன்னு தெரியல. அப்புறம் நல்லாப் பசிச்சுது.”

சயூரி முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு எழுந்து, அந்தப் பாட்டை எனக்காக மறுபடியும் பாடினார்.

கதிரவேல் விழித்தபோது அவர் கண்கள் தெளிந்திருந்தன. குழுவைக் கலைக்கப்போவதில்லையாம், கனசாவாவில் நடக்கப்போகும் நிகழ்ச்சிக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள் என்றேன்.

“போயிட்டு வா. நானும் நாளைக்கு நாலு இடத்துல வேலை கேட்டுப் பாக்கறேன்” என்றார்.

விமான நிலையத்தில், எங்கள் விமானத்துக்கு ஓர் இறக்கை இன்னும் முழுதாக வளர்ந்திருக்கவில்லை. ஊழியர்கள் செடிக்கு ஊற்றுவதுபோல் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சயூரி ஒரு வாளியை எடுத்தார். நான் இன்னொன்றை எடுத்துக்கொண்டேன்.